சரிவில் மண்ணை நிறுத்திய பைன் ஊசிச் சருகு: ஏற்காட்டுத் தோட்டம் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

மே மாதக் காலை ஒன்றில் அந்த வீட்டு வாசலில் போய் நின்றபோது, கார் நிறுத்தும் சிமெண்டுத் தளத்தில் செம்மண் சேறு கணுக்கால் அளவுக்குக் கிடந்தது. முந்தைய நாள் மாலை பெய்தது ஒன்றரை மணி நேரக் கோடை மழைதான். வீட்டுக்காரர் சேலத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாகலூர்ப் பக்கம் பழைய காப்பித் தோட்டம் ஒன்றைப் பிரித்து விற்றபோது ஒரு பங்கை வாங்கி, வீடு கட்டிக் குடியேறியிருந்தார். மண்வெட்டியால் சேற்றை வாரிக்கொண்டே, "மூன்று வருடமாக இதே வேலைதான் தம்பி. இப்படியே போனால் மேலே பாறைதான் மிஞ்சும்" என்றார். அவருடைய குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகம் இருந்தது. மண் போவதைப் பார்த்து வருந்துகிறவரிடம் வேலை செய்வது எனக்கு எப்போதும் பிடிக்கும்.

சேலத்தில் தோட்டம் அமைத்துக் கொடுப்பது என் தொழில். அந்தச் சரிவில் நாங்கள் என்ன செய்தோம், எது பலித்தது, எங்கே தவறினோம் என்பதை இங்கே முழுவதுமாக எழுதுகிறேன். மலையில் வீடு கட்டுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். வீட்டுக்கு முன்னால் மண்ணை வழித்துச் சமன்படுத்திவிட்டு, முதல் மழையில் அது ஓடைக்குப் போவதைப் பார்த்துக் கைபிசைந்து நிற்பவர்கள் பலரை எனக்குத் தெரியும்.

சரிவும் அதன் பழைய வைத்தியங்களும்

வீட்டுக்கு மேலே எட்டு சென்ட் அளவில் சரிவு நிலம். மேல்பாதி செங்குத்து, மூன்று அடி நடந்தால் ஓர் அடி ஏறும். கீழ்ப்பாதி கொஞ்சம் தணிவு. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையின் செம்மண் பார்வைக்கு உறுதியாகத் தெரியும். வெயிலில் காய்ந்தால் ஓடு போல இறுகும். ஆனால் வெறுமையாகக் கிடக்கும்போது பெருமழை விழுந்தால் துளிகள் மேல்மண்ணை உடைத்துத் தூளாக்கும். அந்தத் தூள் மண்ணின் துளைகளை அடைத்து ஒரு பூச்சு போலப் படியும். அதற்குப் பிறகு விழும் தண்ணீர் உள்ளே இறங்க வழியில்லாமல் மேலேயே ஓடும். ஓடும்போது மண்ணையும் கூட்டிக்கொண்டு போகும்.

இந்த மலைக்குக் காப்பி வந்தது 1820களில், சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். இருநூறு ஆண்டுகளாகக் காப்பித் தோட்டக்காரர்கள் இதே சரிவுகளில் பயிர் செய்கிறார்கள். அவர்களுடைய மண் இப்படிப் போய்விடவில்லை. நிழல் மரங்களின் சருகு ஆண்டு முழுவதும் தரையை மூடிக் கிடப்பது அதற்கு ஒரு முக்கியக் காரணம். காப்பிச் செடிக்கு அடியில் சருகு கிடந்தால் யாரும் அதை அழுக்கு என்று சொல்வதில்லை. அதே சருகு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டால் குப்பையாகிவிடுகிறது. இந்த வீட்டிலும் அதுதான் நடந்திருந்தது. காப்பிச் செடிகளை எடுத்தார்கள், நிழல் மரங்களில் பாதியை வெட்டினார்கள், தரையைத் தினமும் பெருக்கினார்கள். மண் திறந்து கிடந்தது.

எனக்கு முன்னால் வந்தவர்கள் சும்மா இருக்கவில்லை. புல்தரை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். மர நிழலில் அது மெலிந்து திட்டுத் திட்டாகச் செத்துவிட்டது. தென்னை நார்க்கழிவைப் பரப்பினார்கள். அது தண்ணீரில் மிதந்தது. காப்பிக்கொட்டைத் தொலி மலிவாகக் கிடைக்கிறதே என்று பத்து மூட்டை வாங்கிக் கொட்டினார்கள். ஒரே மழையில் அத்தனையும் சாக்கடைக்குப் போனது. கூழாங்கல் உருண்டது. கடைசியாகப் படிப்படியாகக் கருங்கல் கட்டுக் கட்ட ஒருவர் கணக்குப் போட்டுக் கொடுத்தார். அந்தத் தொகையைக் கேட்டபிறகுதான் வீட்டுக்காரர் என்னைக் கூப்பிட்டார்.

நான் மனத்தில் வைத்துக்கொண்டு போனதும் கல் கட்டுதான். கொஞ்சம் சிறியதாக, கொஞ்சம் மலிவாக. அதை மாற்றியவர் அங்கே தோட்டவேலை பார்க்கும் அக்கா. பக்கத்து மலைக்கிராமத்தைச் சேர்ந்தவர். அந்த நிலம் காப்பித் தோட்டமாக இருந்த காலத்திலிருந்தே அங்கே வேலை செய்கிறவர். நான் அளவு எடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார்: "தம்பி, அந்த ஊசி மரத்தடியைப் போய்ப் பாருங்கள். அங்கேயும் இதே இறக்கம்தான். அங்கேயிருந்து வருகிற தண்ணீர் ஒரு நாளும் சிவந்து நான் பார்த்ததில்லை."

மேற்கு எல்லையில் வரிசையாக ஆறு பைன் மரங்கள் நின்றன. பழைய தோட்டக்காரர் அழகுக்காக நட்டு வைத்தவை. தலைமுடி போலத் தொங்கும் நீண்ட ஊசிகள், ஒரு கொத்துக்கு மூன்று. மெக்சிகோவிலிருந்து வந்து நீலகிரியிலும் கொடைக்கானலிலும் வனத்துறையால் பெரிதாக நடப்பட்ட பட்டுலா இனம். மரத்தடியில் நடந்தேன். கால் மெத்தையில் வைத்தது போல அழுந்தியது. சருகை விலக்கிப் பார்த்தபோது அடியில் மண் ஈரமாக, பொலபொலவென்று, மண்புழுக் கழிவோடு இருந்தது. அங்கிருந்து வடிந்த முந்தைய நாள் மழைநீர் கால்தடம் ஒன்றில் இன்னும் தேங்கியிருந்தது. அடியில் கிடந்த சிறு கல் தெரிந்தது. பத்தடி தள்ளி, பெருக்கிச் சுத்தமாக வைத்திருந்த பக்கத்தில் இருந்த குட்டையில் விரல் வைத்தால் விரல் தெரியவில்லை.

அந்த ஊசிகளை ஒவ்வொரு தை மாதமும் வாரித் தீ வைத்துவிடுவார்களாம். கடந்த இரண்டு வருடத்துச் சருகு மட்டும், எரிக்க ஆள் இல்லாமல், மூலையில் குவிந்து கிடந்தது.

ஊசி எப்படி மண்ணைப் பிடிக்கிறது

அகன்ற இலைச் சருகு தட்டையானது. காற்று அடித்தால் புரளும், தண்ணீர் வந்தால் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கும். மரத்தூளும் பட்டைத் துண்டும் மிதக்கும். பைன் ஊசி அப்படியில்லை. நீளமாக, விறைப்பாக, அடியில் ஒரு சிறு உறையால் மூன்றாகக் கட்டுண்டு விழுகிறது. விழுந்த கொத்து அடுத்த கொத்துக்குள் நுழைகிறது. நூறு கொத்து விழுந்தால் குருவிக்கூடு போலப் பின்னிக்கொள்கிறது. ஒரு கைப்பிடியைத் தூக்கினால் பக்கத்தில் இருப்பதும் கூட வரும். சரிவில் மண்ணை மூட வேண்டுமென்றால் மூடுகிற பொருள் முதலில் தான் நகராமல் இருக்க வேண்டும். என்னுடைய கணக்கில் மற்ற குணங்கள் எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

ஊசிகளுக்கு இடையே இடைவெளி நிறைய இருப்பதால் மழை தடையில்லாமல் உள்ளே இறங்குகிறது. துளியின் வேகம் மட்டும் மேலேயே உடைந்துவிடுகிறது. ஊசியின் மேல் மெழுகுப் பூச்சு உண்டு; உள்ளே பிசினும், மட்க மறுக்கும் நார்ப்பொருளும் அதிகம். ஆகவே மெதுவாகத்தான் மட்கும். மண்ணை மூடப் பரப்பும் அடுக்கை மூடாக்கு என்பார்கள். வைக்கோல் மூடாக்கு ஒரு மழைக்காலத்தில் கரைந்துவிடும் இடத்தில் இது ஓர் ஆண்டுக்கு மேல் நிற்கும். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களில் நீள ஊசிப் பைன் சருகை வைக்கோல் போலக் கட்டுக் கட்டாகக் கட்டி விற்பது தனித் தொழிலாகவே நடக்கிறது. அங்கே வீட்டுத் தோட்டங்களில் பரவலாகப் போடுகிற மூடாக்கு அது. நம் ஊரில் அதைத் தீயிடுகிறோம்.

பெயரால் வந்த குழப்பம்

இந்த இடத்தில் ஒரு சங்கதியைச் சொல்ல வேண்டும். வேலையில் ஒரு வாரம் அதனால் போனது. ஆறு மரத்துச் சருகு எட்டு சென்ட்டுக்குப் போதாது என்று தெரிந்தபோது, ஊசிபோல இருக்கும் இன்னொரு சருகு நினைவுக்கு வந்தது: சவுக்கு. கடலோரத்தில் கம்புக்காக வளர்க்கும் மரம். அதன் சருகும் மெல்லியதாக, பின்னிக்கொள்வதாக இருக்கும். உண்மையில் அது இலையே இல்லை. பச்சையான நுண்கிளை, இலைகள் கணுக்களில் சிறு செதிலாக ஒட்டியிருக்கும். மேலே ஒரு தோட்டத்தில் "சவுக்குச் சருகு கிடைக்குமா" என்று சொல்லி அனுப்பினேன். ஒரு டிராக்டர் நிறைய வந்து இறங்கியது சில்வர் ஓக் சருகு. மலைத்தோட்டங்களில் சில்வர் ஓக்கைத்தான் சவுக்கு என்பார்கள் என்பது கீழே இருந்து போன எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் கிழக்குப் பகுதியிலிருந்து காப்பிக்கும் தேயிலைக்கும் நிழலாகவும் மிளகுக்கொடி ஏறவும் கொண்டுவந்த மரம் அது. இலை பெரணி போலப் பிளவுபட்டது, காய்ந்தால் சுருண்டு விறைக்கும்.

வந்ததைத் திருப்பி அனுப்பவில்லை. அதுவே பிறகு நல்லதாகப் போயிற்று. ஒரே சரிவில் இரண்டு சருகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வாய்ப்புக் கிடைத்தது.

போட்ட விதம்

அந்த மழைக்காலம் போகட்டும் என்று விட்டுவிட்டோம். சருகு நனைந்திருக்கும்போது வாருவது வீண். அடுத்த மார்ச்சில் தொடங்கினோம். மூலையில் இருந்த குவியலை முதலில் எடுத்தோம். மரத்தடியில் மேலாகக் கிடந்த செந்நிற ஊசியை மட்டும் மூங்கில் வாரியால் இழுத்தோம். அதற்குக் கீழே கறுத்து, பாதி மட்கிய அடுக்கு இருக்கும். அது மரத்தின் சோறு, அதைத் தொடக்கூடாது. முதல் நாளே அக்கா எச்சரித்தார்: குவியலுக்குள் வெறும் கையை விடக்கூடாது, தேள் இருக்கும். இருந்தது. இன்னொன்றும் சொல்கிறேன்: காய்ந்த பைன் ஊசி சரிவில் எண்ணெய் தடவியது போல வழுக்கும். ரப்பர் செருப்போடு ஏறிய வேலையாள் ஒருவர் இருமுறை விழுந்தார். அதன்பிறகு பிடிப்புள்ள காலணி இல்லாமல் யாரையும் ஏறவிடவில்லை.

தரையைத் தயார் செய்வதில்தான் பாதி வேலை இருந்தது. உண்ணிச்செடி வேரோடு எடுக்கப்பட்டது. கோரைக் கிழங்கை முடிந்தவரை தோண்டினோம். கோரை எந்த மூடாக்கையும் குத்திக்கொண்டு வெளியே வரும், அதை மூடி அழிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பிறகு சரிவுக்குக் குறுக்காக, கிடைமட்டமாக, களைக்கொத்தால் இரண்டு அங்குல ஆழத்தில் கோடுகள் கீறினோம். இறுகிய தரையில் ஊசியைக் கொட்டினால் முதல் அடுக்கே பாய் போலச் சறுக்கும். அதற்குப் பிடிமானம் வேண்டும். இரண்டு வரிசை வெட்டிவேர் நட்டோம். மண்ணை நன்றாக நனைத்தோம்.

பரப்பியது கீழிருந்து மேலே. கூரை வேய்கிறவர் இறவாரத்தில் தொடங்கி முகட்டுக்குப் போவார், ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் தலையை மூடும். அதே முறைதான். நான்கு அங்குலம் உயர்த்திப் போட்டால் ஒரு மழையில் மூன்றாக அமரும். அதற்கு மேல் போனால் ஆபத்து. சின்னத் தூறல்கள் ஊசியை மட்டும் நனைத்துவிட்டு உலர்ந்துவிடும், மண்ணுக்கு எட்டாது. ஒவ்வொரு செடியின் தண்டைச் சுற்றியும் ஒரு சாண் வட்டம் வெறுமையாக விட்டோம். தண்டோடு ஒட்டி ஈரச் சருகு கிடந்தால் பட்டை அழுகும்.

ஆறு மரத்துச் சருகும் பழைய குவியலும் சேர்ந்து இரண்டரை சென்ட்டைத்தான் மூடின. இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பைன் மரம் இரண்டு நிற்கும் வீட்டுக்காரர்கள் முழு நிலத்துக்கும் கனவு காண்கிறார்கள். செங்குத்தான மேல் பட்டைக்கு மட்டும் பைன் ஊசி. தணிவான கீழ்ப்பாதிக்குச் சில்வர் ஓக் சருகு. இடையில் வெட்டிவேர்.

மழை சொன்ன தீர்ப்பு

மே இரண்டாம் வாரம் இடியோடு ஒரு மழை பிடித்தது. நான் சேலத்தில் இருந்தேன். மறுநாள் முதல் பஸ்ஸில் ஏறினேன். இருபது கொண்டை ஊசி வளைவும் அன்றைக்கு நீண்டுகொண்டே போயின.

பைன் ஊசி போட்ட பட்டை அப்படியே இருந்தது. அதிலிருந்து வடிந்த தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தது, சேறு இல்லை. சில்வர் ஓக் போட்ட தணிவான பகுதியும் பெரும்பாலும் நின்றது, ஓரங்களில் மட்டும் சருகு திரண்டு கீழே ஒதுங்கியிருந்தது. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் செங்குத்துப் பகுதியிலேயே ஒரு முழ அகலத்துக்கு சில்வர் ஓக் சருகைப் போட்டு வைத்திருந்தேன். அது முழுவதும் போய்விட்டது; வெற்று மண்ணில் விரல் ஆழத்துக்கு ஓடைகள் விழுந்திருந்தன. என் கண்ணுக்கு முன்னால் இருந்த சான்று அதுதான்: மூடினால் மட்டும் போதாது, அந்தச் சரிவில் நிற்கக்கூடியதால் மூட வேண்டும்.

பைன் ஊசி போட்ட பட்டையிலும் ஓர் இடம் தோற்றது. மேலே இருந்த தண்ணீர்த் தொட்டி அறையின் கூரைநீர் ஒரே குழாயாகச் சரிவின் தலையில் கொட்டியது. அது விழுந்த இடத்தில் தொடங்கி ஆறடி நீளத்துக்கு ஊசிகள் சுருட்டிக்கொண்டு இறங்கியிருந்தன. மூடாக்கு மழைத்துளியைத் தடுக்கும்; திரண்டு வரும் ஓட்டத்தைத் தடுக்காது. குழாயைத் திருப்பி, கல் நிரப்பிய குழி ஒன்றில் விட்டபிறகு அந்த இடமும் நின்றது. சரிவில் மூடாக்குப் போடப் போகிறவர்கள் முதலில் மழையில் குடையோடு நின்று, மேலிருந்து தண்ணீர் எங்கே திரள்கிறது என்று பார்க்க வேண்டும். நான் அதைச் செய்யாமல் விட்டேன்.

புளிப்பு மண் என்ற பயம்

இரண்டாம் ஆண்டு வீட்டுக்காரருக்குப் புதிதாக ஒரு கவலை வந்தது. பைன் ஊசி மண்ணைப் புளிப்பாக்கிவிடும், செடிகள் செத்துவிடும் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். மலையில் இந்தப் பேச்சைக் கேட்காத தோட்டக்காரர் இருக்க மாட்டார். பைன் காட்டுக்குள் வேறு செடி முளைப்பதில்லை என்பதை அதற்குச் சான்றாகக் காட்டுவார்கள். நெருக்கமாக நிற்கும் பைன் மரங்களுக்கு அடியில் வெளிச்சம் இல்லை, தண்ணீருக்குப் போட்டி அதிகம், சருகு கனமாக மூடிக் கிடக்கிறது. செடி முளைக்காததற்கு இவையே போதும். புளிப்பைத் தேடிப் போக வேண்டியதில்லை.

மரத்தில் இருக்கும் பச்சை ஊசி உண்மையிலேயே அமிலத்தன்மை கொண்டது. அமிலகாரக் குறியீடு (pH) 3.2 முதல் 3.8 வரை; ஏழுக்குக் கீழே போகப் போக அமிலம் அதிகம். ஆனால் பழுத்து, காய்ந்து விழுந்து, மண்ணின் மேல் மெதுவாக மட்கும்போது நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைச் சமன்செய்துவிடுகின்றன. மேலே பரப்பிய மூன்று அங்குலச் சருகு கீழே இருக்கும் மண்ணின் இயல்பை மாற்றிவிடாது.

அவர் பொறியாளர், வாய்ச்சொல்லை ஏற்க மாட்டார். "என் ஹைட்ராஞ்சியா எல்லாம் நீலமாகப் பூக்கிறதே, அது புளிப்பால்தானே?" என்று கேட்டார். கேள்வி சரியானது. ஹைட்ராஞ்சியா மண்ணைக் காட்டிக்கொடுக்கும் செடி. அமில மண்ணில் அலுமினியம் கரைந்து வேருக்குக் கிடைக்கும், பூ நீலமாகும். காரம் ஏறினால் அலுமினியம் கட்டுண்டுவிடும், பூ இளஞ்சிவப்பாகும். சேர்வராயன் மலையில் அலுமினியத்துக்குப் பஞ்சமே இல்லை. பாக்சைட் வெட்டி எடுத்த மலை இது.

அவரைக் கூட்டிக்கொண்டு தோட்டத்தைச் சுற்றினேன். பைன் ஊசி போட்ட பட்டையில் நீலம். ஊசியே போடாத கிழக்கு மூலையிலும் நீலம். வாசலுக்குப் பக்கத்தில், காப்பித் தோட்ட காலத்துச் சுண்ணாம்புக் காரைச் சுவர் ஒன்று இடிந்து நிற்கிறது. அதன் அடியில் நின்ற இரண்டு ஹைட்ராஞ்சியாவுக்கும் மற்றவற்றைப் போலவே பைன் ஊசியைத்தான் தடிமனாகப் போட்டிருந்தோம். இரண்டுமே இளஞ்சிவப்பாகப் பூத்திருந்தன. சுவரிலிருந்து கரைந்து இறங்கிய சுண்ணாம்பின் கை அங்கே ஓங்கியிருந்தது. ஊசி அதை அசைக்கவில்லை. அவர் வெகுநேரம் அந்தச் சுவரடியில் நின்றார். பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் மண்ணைக் கொடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம்தான், அவரும் கொடுத்துப் பார்த்தார். ஆனால் எனக்கு அந்தச் சுவர் ஓரத்துப் பூக்களைவிடத் தெளிவான அறிக்கை வேறு எதுவும் இல்லை.

இரண்டு தவறுகள்

முதல் தவறு என்னுடையது. இரண்டாம் ஆண்டு புதிதாக ரோஜாப் பாத்தி ஒன்று போட்டோம். அங்கே கிடந்த பழைய ஊசியை அப்புறப்படுத்தாமல், மட்கினால் உரம்தானே என்று மண்ணோடு சேர்த்துக் கொத்திவிடச் சொன்னேன். இரண்டு மாதத்தில் ரோஜாக்களின் அடியிலைகள் வெளிறின, வளர்ச்சி நின்றது. பைன் ஊசியில் கரிமம் மிக அதிகம், தழைச்சத்து (நைட்ரஜன்) மிகக் குறைவு. மண்ணுக்குள் புதைத்தால் அதைச் சிதைக்க வரும் நுண்ணுயிர்கள் தங்களுக்கு வேண்டிய தழைச்சத்தைச் சுற்றியிருக்கும் மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும், செடி பட்டினி கிடக்கும். மேலே கிடக்கும்வரை இந்தத் தொல்லை மண்ணின் மேல்தோலோடு நின்றுவிடுகிறது. கடலைப் புண்ணாக்கை ஊறவைத்து ஊற்றியும், மட்கிய சாணம் இட்டும் அந்தப் பாத்தியைத் தேற்ற ஒரு பருவம் பிடித்தது. ஊசி மூடாக்கைக் கொத்திவிடக் கூடாது. புதிய செடி நடும்போது ஊசியை ஒதுக்கி, நட்டபின் திரும்ப இழுத்துவிட வேண்டும். அவ்வளவுதான்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது. வீட்டின் முன்னால் மரப்பலகைத் திண்ணை ஒன்று இருக்கிறது. பார்க்க அழகாக இருக்கிறதென்று ஊசியை அந்தத் திண்ணையின் கால்வரைக்கும் பரப்பிவிட்டிருந்தோம். பிப்ரவரி மாத இரவு, பேரப்பிள்ளைகள் முற்றத்தில் விறகு மூட்டிக் குளிர் காய்ந்திருக்கிறார்கள். ஒரு பொறி காற்றில் பறந்து ஊசியில் விழுந்தது. பிசின் உள்ள காய்ந்த ஊசி எப்படிப் பற்றும் என்பதை இமயமலைக் காட்டுத்தீயைப் பற்றி வாசித்தவர்கள் அறிவார்கள். உத்தராகண்டில் ஒவ்வொரு கோடையிலும் சிர் பைன் சருகுதான் நெருப்பைக் காடு காடாகக் கடத்துகிறது. நல்லவேளையாக அக்காவின் மகன் அங்கே இருந்தார். ஈரக் கோணிச் சாக்கைப் போட்டு அடித்து, குழாயைத் திறந்துவிட்டு அணைத்தார். திண்ணையின் ஒரு கால் கருகியது. அந்தக் கருகலை இன்னும் செதுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

அதன்பிறகு வீட்டுச் சுவரிலிருந்தும் திண்ணையிலிருந்தும் ஐந்தடி அகலத்துக்கு ஊசியை முழுவதும் அகற்றிவிட்டுக் கருங்கல் ஜல்லி பரப்பினோம். நெருப்பு மூட்டும் இடம் தோட்டத்தின் மறுபக்கம், வெறும் கல்தளத்துக்குப் போனது. ஜனவரி முதல் கோடை மழை வரும்வரை குழாய் ஒன்று எப்போதும் சரிவின் பக்கம் நீட்டிய நிலையில் இருக்கிறது. ஏற்காட்டுச் சரிவுகளில் கோடைக்கு முன்னால் காட்டுத்தீ புதிதல்ல. பைன் ஊசியைப் பற்றி என்னிடம் கேட்கிறவர்களிடம் புளிப்பை மறந்துவிடுங்கள், நெருப்பை மறக்காதீர்கள் என்றுதான் முதலில் சொல்கிறேன்.

எங்கிருந்து எடுப்பது

தோட்டம் நன்றாக வந்ததும் பக்கத்து நிலக்காரர்கள் இருவர் வந்து கேட்டார்கள். அவர்களிடம் பைன் மரம் இல்லை. கொடைக்கானலிலிருந்து லாரியில் வரவழைக்கலாமா என்றார் ஒருவர். நான் மறுத்துவிட்டேன்; அதனால் அந்த வேலை எனக்குக் கிடைக்காமல் போனது. அங்கே பைன் காடுகள் பெரும்பாலும் வனத்துறையுடையவை. 1882ஆம் ஆண்டு வனச் சட்டத்தின்படி காப்புக்காட்டுச் சருகும் வனப்பொருள்தான். அனுமதி இல்லாமல் ஒரு சாக்குகூட எடுக்கக் கூடாது. சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும், ஒரு மலையின் தரையை உரித்து இன்னொரு மலையின் தரையை மூடுவதில் என்ன பொருள் இருக்கிறது? அந்த ஊசி அங்கே செய்துகொண்டிருந்ததும் இதே வேலையைத்தானே.

மூடாக்குக்காகப் பைன் மரம் நடுவதையும் நான் ஏற்பதில்லை. ஏற்கெனவே நிற்கிற மரம் உதிர்ப்பதைப் பயன்படுத்துவது வேறு, அந்நிய மரத்தைச் சேர்வராயனில் பெருக்குவது வேறு. அந்த இரண்டு நிலங்களில் ஒன்றில், செங்குத்துப் பகுதியில் வெட்டிவேரையும் எலுமிச்சைப்புல்லையும் நெருக்கமாக நட்டு, அவற்றை அறுத்த தாளையே குறுக்காக இட்டோம். நீளமான தாள் என்பதால் அதுவும் ஓரளவு பின்னிக்கொள்கிறது. ஊசியைப் போல நீடிக்கவில்லை, ஆண்டுக்கு மூன்று முறை அறுத்துப் போட வேண்டியிருக்கிறது. ஆனால் நிலம் தனக்கு வேண்டியதைத் தானே விளைவித்துக்கொள்கிறது.

சேலத்தில், மலை அடிவாரத்தில் ஒரு வீட்டுக்குச் சவுக்குச் சருகு போட்டுப் பார்த்தேன். இந்த முறை கடலோரச் சவுக்கு. சமதரையில் நன்றாகவே கிடந்தது, களை குறைந்தது. கரையான்தான் தொல்லை. கீழே வெப்பத்தில் எந்தச் சருகுக்கும் கரையான் வரும், வாரம் ஒருமுறை கிளறிப் பார்க்க ஆள் இருந்தால் மட்டும் போடலாம்.

இப்போது

இது நான்காம் ஆண்டு. செங்குத்துப் பட்டையில் ஊசி மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை, மார்ச்சில், அந்த ஆண்டு உதிர்ந்ததை மேலே ஒரு அங்குலம் போடுகிறோம். பழையது அடியில் கறுத்து மண்ணோடு சேர்ந்துகொண்டிருக்கிறது. முன்பு கோடையில் இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் விட்ட செடிகளுக்கு இப்போது வாரம் ஒருமுறை போதும். களை எடுப்பு கோரைக்கு மட்டும் என்றாகிவிட்டது. கீழ்ப்பாதியில் சில்வர் ஓக் சருகை அரிவாளால் துண்டாக்கிப் போட்டபிறகு அதுவும் ஒதுங்காமல் கிடக்கிறது.

போன மாதம் போயிருந்தபோது அக்கா மரத்தடியில் சாக்கு நிரப்பிக்கொண்டிருந்தார். நிரம்பிய பதினோரு சாக்குகள் தண்ணீர்த் தொட்டி அறையின் சுவரோரம், மழை படாமல் அடுக்கப்பட்டிருந்தன. கூரைக் குழாயின் திருப்பத்தில் ஒரு இணைப்பு கசிவதை அவர்தான் காட்டினார். மழைக்கு முன்னால் அதை மாற்ற வேண்டும். வரும் செவ்வாய்க்கிழமை குழாய்க்காரரோடு மேலே போகிறேன்.